அசையாமல் நின்ற பாப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். என் கை இப்போது பரவாயில்லை. நேற்று அவரே லீவு போட்டு, எங்களை விலங்குப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்.

கிளிகள் தோளில் வந்து உட்கார்ந்தன. பாப்பா நீட்டிய கீரையை ஒரு கிழட்டு ஆமை சாவகாசமாகத் தின்றது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் மலைப்பாம்போடு படம் எடுக்கும் இடம். பாம்புக்காரர் அதைத் தூக்கிப் பாப்பாவின் தோளில் போட்டு, "பயந்து உடம்ப இறுக்காத கண்ணு. நீ இறுக்குனா அதுவும் இறுக்கும்" என்றார். பெரியவர்களே அலறிய இடத்தில் இவள் கண்கூட இமைக்கவில்லை.

"அடேயப்பா! இப்படி ஒரு புள்ள நின்னு நான் பாத்ததே இல்ல. எங்க கத்துக்கிட்ட கண்ணு?" என்றார் பாம்புக்காரர்.

"வீட்டுலதான். அப்பா கோவமா வந்தா இப்படித்தான் நிப்பேன். அசையலன்னா என்னை விட்டுடுவாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாம்புக்காரர் மட்டும் சிரிக்காமல், அந்தப் புழுக்கத்திலும் நான் போட்டிருந்த முழுக்கைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. இன்று காலையிலும் பேசாமலே வேலைக்குப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பாப்பா மத்தியானத்திலிருந்தே கூடத்துச் சுவரோரம் நின்று பழகிக்கொண்டிருக்கிறாள்.

கடிதம் கிடைத்ததும் ஒரு எட்டு வா அக்கா. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, சும்மா பார்க்க வந்ததாகச் சொல். உன்னிடம் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் கொண்டு வா. அதில் எதையும் வைக்காதே.

உன் தங்கை