சார்ட்டில் ஐந்தாவது கிளை

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
12.8.2003

அன்பு மகன் அலெக்ஸாண்டருக்கு அம்மா இருதயம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் தங்கை ஹெப்சிபாவும் ஆண்டவர் வைத்த அளவுக்கு இருக்கிறோம். மஸ்கட்டில் நீ சுகமாகத்தான் இருப்பாய், அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்குவானேன். கை ஹெப்சிபாவுடையது, வாய் என்னுடையது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போய் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றே குரல் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன், அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். போனில் சொல்லலாம் என்றால் லைன் சரியில்லை அம்மா என்று வைத்துவிடுகிறாய். எனக்கு உன்னைத் திட்ட வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது, காகிதத்தை நீ பாதியில் வைக்க முடியாது பார்.

முதலில் ஊர் சேதி. பக்கத்து வீட்டுக் கெங்கம்மா மகனுக்கு ஹார்பரில் கேஷுவல் வேலை கிடைத்திருக்கிறது. காசிமேட்டில் மீன் வரத்து குறைவு, கானாங்கெளுத்தியே வஞ்சிரம் விலை சொல்கிறார்கள். தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, குடத்தோடு போய் நிற்பது இவள்தான், என்னால் அந்தத் தள்ளுமுள்ளில் நிற்க முடியுமா. மாடிக் கட்டடம் ஜன்னல் உயரத்தில் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. சுவர் மேலே அரசஞ்செடி முளைத்திருக்கிறதாம், கெங்கம்மா வந்து சொன்னாள். நம் வீட்டுக்கு மேலே மாடி வருவதற்கு முன்னால் மரம் வந்துவிட்டது, சந்தோஷப்படு.

உன் கடிதம் வந்தது. ஹெப்சிபா படித்துக் காட்டினாள். அங்கே வேலை செய்யும் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு கனடா போகப் போகிறாய், அதற்குப் புதிதாக ஒரு மைண்ட் மேப் போட்டிருக்கிறாய், நடுவில் கனடா என்று வட்டம், அதைச் சுற்றிக் கிளைகள், எல்லாம் தெரிந்துகொண்டோம். அந்தப் பெண் எந்த ஊர், என்ன சபை என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் எந்தக் கிளையில் வருகிறாள் என்று மட்டும் அம்பு போட்டுக் காட்டியிருக்கிறாயாம். கல்யாணத்தை அம்மாவிடம் இப்படிச் சொல்லும் பிள்ளையை நான்தான் பெற்றேன், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. முன்பு நீ வரைந்து அனுப்பிய பழைய சார்ட்டைக் கிழித்துப் போடு என்று எழுதியிருக்கிறாய். இலக்குகளை வருஷா வருஷம் மாற்ற வேண்டுமாம், அங்கே கம்பெனி வகுப்பில் சொல்லித் தந்தார்களாம். உனக்கு அது வகுப்பு. எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று கேள்.

நீ போன மூன்றாம் வருஷம் உன் தோஸ்து அலி அக்பர் சுருட்டிய சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். நாலு கலரில் நடுவே உன் பெயர், அதிலிருந்து ஐந்து கிளை. கெங்கம்மா பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, எட்டுக்கால் பூச்சி மாரி கீது, மூணு காலு எங்க போச்சுன்னு கேட்டாள். தினமும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு என்று நீதான் போனில் சொன்னாய். நம் வீட்டில் தினமும் கண்ணில் படுகிற இடம் எது? திரு இருதயப் படத்துக்குக் கீழே, சிவப்பு பல்புக்குப் பக்கத்தில். அங்கே மாட்டினோம். அங்கே வைத்தது அதற்கப்புறம் நம்முடையது இல்லை, ஆண்டவர் முன்னால் வேண்டுதலாக வைத்த கருத்து என்று உனக்குத் தெரியாதா? ஐடிஐ பரீட்சைக்கு உன் ஹால் டிக்கெட்டை அங்கே வைத்து ஜெபம் பண்ணித்தானே எடுத்துக்கொண்டு ஓடினாய்.

மறுநாள் தெருப் பெண்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நம் வீட்டில். ஜெபம் முன்னால் சொல்கிற தங்கபுஷ்பம் அக்கா சார்ட்டை எண்ணிப் பார்த்தாள். ஐந்து கிளை, ஜெபமாலையிலும் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. மாதாவே கணக்குப் போட்டு அனுப்பினது மாதிரி இருக்கே என்றாள். அன்றையிலிருந்து ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கிளை. முதல் பத்து உன் சூப்பர்வைசர் வேலைக்கு. இரண்டாம் பத்து நீ தொப்பை குறைப்பதற்கு, ஆமாம், அதையும்தான் எழுதி வைத்திருந்தாய், தெருப் பெண்கள் எல்லாம் முழங்காலில் நின்று உன் தொப்பைக்காக அருள் நிறைந்த மரியே சொன்னார்கள். இந்துப் பெண்ணான கெங்கம்மாவும்கூட நின்றாள். மூன்றாம் பத்து மாடி வீட்டுக்கு. நாலாவது என் கண் ஆபரேஷன். ஐந்தாவது, கடைசி, மூலையில் எஞ்சிய இடத்தில், ஹெப்சிபா கல்யாணம். முதல் கருத்து கிடைக்காமல் அடுத்ததற்குக் கை நீட்டக் கூடாது என்று தங்கபுஷ்பம் சொன்னாள். ஜெபமாலையில் மூன்றாவது பத்தை விட்டுவிட்டு ஐந்தாவதற்கு யாராவது தாவுவார்களா? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது.

நீ சூப்பர்வைசர் ஆனாய். மாலை நடந்து போகிறேன் என்று போனில் சொன்னாய், தொப்பையும் கிடைத்தது என்று வைத்துக்கொண்டோம். அலி அக்பர் கொண்டுவந்த போட்டோவில் தொப்பை போன இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது என்கிறாள் ஹெப்சிபா. அது போகட்டும். மாடி வேலை ஆரம்பித்ததும் எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சவரிநாதன் இவளைக் கேட்டு அவன் அம்மாவோடு வந்தான். கோயில் பாடகர் குழுவில் இவளைப் பார்த்திருக்கிறான். நல்ல பையன், குடி கிடையாது. இவள் காபி கொண்டுவரும்போது தட்டில் பாதியைச் சிந்திவிட்டாள், எனக்கு அப்போது கொஞ்சம் கண் தெரியும், பார்த்தேன். நான் சார்ட்டைக் காட்டிச் சொன்னேன், வீடு மூன்றாவது, என் கண் நாலாவது, அதற்கப்புறம்தான் இவள். அந்த அம்மா, நாங்க இன்னா மாடி வூட்டையா கட்டிக்கப் போறோம், பொண்ணத்தானே கேட்டு வந்துகீறோம் என்றாள். ஆண்டவர் முன்னால் வைத்ததை மனுஷருக்காக மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டேன். இரண்டு ஈஸ்டர் காத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். நீ பணம் அனுப்புவது நின்றது, கொத்தனார் போனான், லிண்டலுக்கு மேலே செங்கல் ஏறவில்லை. சவரிநாதனுக்கு திருவொற்றியூரில் பெண் எடுத்தார்கள்.

அந்தக் கல்யாணப் பூசைக்கு இவளைப் பாட அனுப்பினேன். போகமாட்டேன் என்று அழுதாள். போகாவிட்டால் வயிற்றெரிச்சல் என்று தெரு பேசும், போய் நின்று வாயைத் திறந்து பாடு என்றேன். பாடினாள். நன்றாகப் பாடினாள் என்று தங்கபுஷ்பம் வந்து சொன்னாள். வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்துவிட்டு ரசம் வைத்தாள். இந்த இடத்தில் இவள் பேனா நின்றுவிட்டது, சத்தம் கேட்கவில்லை. எழுதடி என்கிறேன். அதையும் எழுது என்கிறேன். எழுதுகிறாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, மைண்ட் மேப்பில் கிளைகளுக்கு வரிசை எல்லாம் கிடையாது, எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம், நீங்கள் ஏன் இப்படிக் குழப்பிக்கொண்டீர்கள் என்று. அந்த வரியை மறுபடி படி என்றேன். இவள் படித்தாள். இன்னொரு முறை என்றேன். அதையும் படித்தாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு எழுந்துபோய் மீன் அலசினாள், நெடுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது, தண்ணிப் பஞ்சத்தில் இப்படி அலசுகிறாயே என்று கத்தினேன். வரிசை கிடையாது என்பதை சார்ட்டிலேயே ஒரு மூலையில் எழுதியிருக்கலாம் இல்லையா? தொப்பையை எழுத இடம் இருந்தது, அதை எழுத இடம் இல்லை. உன் தங்கைக்கு முப்பத்திரண்டு ஆகிறது. அவள் வாழ்க்கையைக் கெடுத்தது நீ. நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்தேன், அவ்வளவுதான், என் மேல் ஒரு தூசு கிடையாது.

அவளும் ஒரு மேப் வரைந்துகொள்ளட்டும், நடுவில் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும் என்று வேறு புத்தி சொல்லியிருக்கிறாய். கேட்டுச் சிரித்தேன். இவளுக்கு என்ன மேப்? கறுப்பு, வயசு போய்விட்டது, போன மாதம் மாத்தூரிலிருந்து பெண்சாதி இறந்துபோன ஒருத்தன் கேட்டு அனுப்பினான், வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இவளைக் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது. நீ கனடா போகிறவன், உன் அப்பா லியோனார்ட் காசிமேடு கல்லறையில், நான் குருடி. எனக்கு ஒரு ஆள் வேண்டும். அதனால் சார்ட்டை நீ சொன்னபடி கிழிக்கவில்லை, ஐந்தாவது கிளையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன். எனக்குக் கண் தெரியாததால் கத்தரியை இவள் கையில் கொடுத்து இவளையே வெட்டச் சொன்னேன். ஒழுங்காக வெட்டினாயா என்று விரலால் தடவிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் வெட்டியிருந்தாள். மீதி நாலு கருத்துக்கும் ஜெபம் நடக்கிறது. ஐந்தாம் பத்தை உன் கனடாவுக்குச் சொல்கிறோம், தங்கபுஷ்பம் அப்படித்தான் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காக இனிமேல் காத்திருக்க முடியாது, கண் முழுவதும் போய்விடும் என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதட்டிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். கட்டு போட்டு அனுப்புவார்கள், குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், கூட ஒரு ஆள் இல்லாமல் சேர்க்கவே மாட்டார்களாம். ஹெப்சிபா இருக்கிறாள். இவள் எங்கே போவாள்.

கனடாவில் குளிர் என்கிறார்கள், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்கு அது உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. கட்டிக்கொள்ளப் போகிறவளை ஒருமுறை போனில் பேசச் சொல், திட்டமாட்டேன். அவள் பெயரை எழுதி அனுப்பு, பெயர் தெரியாமல் எப்படி ஜெபம் சொல்வது? அப்பா வருஷப் பூசைக்கு நீ வருவதாகச் சொல்லி இரண்டு வருஷம் வரவில்லை, இந்த முறையாவது சொல்லாமல் இரு. திரு இருதய ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக, உன் புதிய குடும்பம் தழைக்கட்டும், நீ என்னை விட்ட மாதிரி உன் பிள்ளைகள் உன்னை விடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இ. இருதயம்மாள்
(விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நானே போட்ட கையெழுத்து)

அண்ணா, கீழே இடம் மிச்சம் இருக்கிறது. இன்னா இன்னும் எழுதிக்கினே கீறேன்னு அம்மா கேட்கிறாள், விலாசம் என்றேன். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள், அவள் கையெழுத்து வரைக்கும் படித்துக் காட்டினேன்.

நீ சொன்னபடி நானும் வரைந்து பார்த்தேன். நடுவில் என் பெயரை எழுதவே வெட்கமாக இருந்தது, அடித்து அடித்து எழுதினேன். விசாகப்பட்டினத்தில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் விடுதியில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள், எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு கிளையைத் தவிர வேறு எதையும் மேப்பில் எழுதவில்லை, உன்னையும் எழுதவில்லை, அம்மாவையும் எழுதவில்லை. சவரிநாதனை நினைத்துப் போகிறேன் என்று நினைக்காதே, அதெல்லாம் அந்தப் பூசையில் பாடும்போதே முடிந்துவிட்டது. உங்கள் இருவர் மேலும் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

போனில் சொன்னால் நீ தடுப்பாய், அழுவாய், அடுத்த மாதம் வருகிறேன் என்பாய், நானும் நம்பிவிடுவேன். அதனால் தபாலில் போடுகிறேன். இது மஸ்கட் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். உன் கைக்குக் கிடைக்கும்போது அந்த வியாழக்கிழமை போயிருக்கும். கெங்கம்மாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவள் என் காலைப் பிடித்துக்கொள்வாள்.

சோறும் மீன் குழம்பும் கைக்கு எட்டும் இடத்தில் மூடி வைத்திருக்கிறேன், இரண்டு வேளைக்கு வரும். தபால் போட்டுவிட்டு வரும்போது வெற்றிலை வாங்கி வா, சீக்கிரம் வா என்கிறாள் அம்மா. வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டேன்.

ஹெப்சிபா