வாய் திறக்காதது சம்மதமாம்

மாசி 3, செவ்வாய்

வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன வருடத்துக்கு அடுத்த வருடம். எனக்குக் கண்ணில் புரை வெட்டியதும் இதே வருடம். எழுத்துத் தெரியாது, போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. எனக்கு மட்டும்தான், வேறு ஒருவருக்கும் இல்லை.

காலையில் வாடைக்காற்று. வலை தைக்க மனமில்லை. மீனவர் சங்கத் தலைவர் அருளப்பு வந்து போனான். போன மாதம் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்த சபை, பல நாடுகள் சேர்ந்து நடத்துவது, எங்கள் கடலோரக் களப்பில் இறால் பிடிக்கத் தடை போடப்போகிறதாம். எங்கள் சம்மதத்தோடு!

"ஆரடா சம்மதிச்சது?"

"மூண்டு தரம் கேட்டவை, பெரியையா. ஆருக்கும் மறுப்பு இருக்கோ எண்டு. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

"அதுதானேயடா மறுப்பு!"

இங்கே சம்மதம் என்றால் எழும்பிப் போய், நடுவில் கிடக்கும் வலைக்கயிற்றைத் தொடவேண்டும். விருப்பமில்லாதவன் இருந்த இடத்திலேயே பேசாமல் இருப்பான். வாய்விட்டு மாட்டேன் என்றால் சண்டைக்குக் கூப்பிடுவது. ஒருவன் அப்படி இருந்தாலும் காரியம் நிற்கும். யுத்தத்துக்குப் பிறகு கயிறு போடவில்லை, பழக்கம் போகவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் கல்லு மாதிரி இருந்தோம். அவர்கள் சிரித்துப் படம் எடுத்தார்கள்.

மாசி 5, வியாழன்

தூறல். சீனி முடிந்தது.

அருளப்புவின் போனில் அந்தச் சபையோடு கதை. ஒரு வெள்ளைக்காரர், தமிழில் சொல்ல ஒரு பிள்ளை.

"உங்களுக்கு ஆர் பிள்ளை வோட்டுப் போட்டது?"

"நாடுகள்தான் ஆக்களை அனுப்புறது, ஐயா."

"எங்கட பிரதேச சபைக்காரன் கள்ளன். ஆனா அவன்ர வீட்டுப் படலையில நிண்டு ஏசலாம். உங்கட படலை எங்க இருக்கு?"

பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை. அருளப்பு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகனிடம் கடலுக்குப் போக வள்ளம் இல்லை. களப்பை மூடினால் அவன் பிள்ளைகள் எதைத் தின்னும்?

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். பேசாமல் இருந்தவனால் ஒரு காரியம் நின்றதைக் கண்ட இருவர் சாட்சி சொல்லவேண்டும். சொன்னால் கூட்டம் திரும்ப வைப்பார்களாம். பெரிய மனது!

மாசி 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இந்தக் கோபத்தோடு போய் நன்மை அப்பம் வாங்கக் கூடாது.

மணல் மூடிய களப்பு வாயைக் கடலுக்கு வெட்டிவிடக் கயிறு போட்ட அந்த நாள். யார் யார் இருந்தது? யோண், கடல் கொண்டுபோனது. செல்லத்துரையும் அவன் தம்பியும், ஷெல் விழுந்து. பிலிப்பு, கனடாவில் குளிரில் செத்தான். நான் தொட்டேன். எல்லோரும் தொட்டோம், ஒருவனைத் தவிர. இறால் இன்னும் பருக்கவில்லை என்பது அவன் எண்ணம். அவனை அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எல்லோரும் போனோம். வாய் வெட்டவில்லை.

இரண்டாவது சாட்சியைத் தேடிப் பளைக்குப் போக வெளிக்கிட்டதும் மருமகன் மறித்தான்.

"அந்த மனிசனோட நீங்கள் கதைக்கிறேல்லையே, மாமா."

"இப்ப கதைப்பன். விடு வழியை."

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில், என்னைத் தவிர, உயிரோடு மிஞ்சியது அவன்தான். கயிற்றைத் தொடாத சூசை.