புகை போன வழி

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று மத்தியானம் முடிவு செய்தேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு இப்படி ஒரு முடிவுக்கு வருவதில் என்ன பெருமை என்று கேட்பாய். பெருமை ஒன்றும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மேசை மேல் அட்டையால் செய்த வீடு ஒன்று நிற்கிறது. அதற்குள் பாதி எரிந்து அணைந்த ஊதுபத்தி. அறை முழுக்க உங்கள் கடை வாசனை. உன் அத்தாவின் அத்தர் கடைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டு வந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு வரை கூடவே வருமே, அதே வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். போகவில்லை. இந்த அறையில் எதுவும் சீக்கிரம் வெளியே போகாது. காரணம் யார் என்று இத்தனை காலமும் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உன் பெயரைத்தான்.

நீ கட்டடக்கலை படித்துவிட்டு ஊருக்கு வந்த புதிது. நான் அப்போதுதான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். செருப்புப் பெட்டியை வெட்டி ஒட்டி ஒரு வீடு செய்து, உங்கள் மொட்டை மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். நான் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, தெற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தால் வீடு நன்றாக இருக்கும் என்று உன்னிடம் அளந்திருந்தேன்.

"வாங்க முசியே," என்றாய். நான் பந்தா செய்யும்போதெல்லாம், பிரெஞ்சு துரையைக் கூப்பிடுவதைப் போல, நீ அப்படித்தான் கூப்பிடுவாய். "அது பனி பெய்யிற ஊருக்குடா. அவனுக்கு வெயிலு உள்ள வரணும். நமக்கு வெளியவே நிக்கணும். இங்க தெக்கு ஜன்னலு காத்துக்கு."

மே மாத உச்சிவேளை. அட்டை வீட்டின் வடக்குச் சுவரில் மெல்லிய கோடாக வெயில் விழுந்தது. கோடையில் நம் ஊரில் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும் என்பதை வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் நீ அந்த வீட்டை நிழலுக்கு மாற்றி, கிழக்கே ஒரு சின்ன ஃபேனை வைத்து, வாசலில் ஊதுபத்தி கொளுத்தினாய்.

"வெயிலு கண்ணுக்குத் தெரியும். காத்து தெரியாது. அதுக்குத்தான் இது."

புகை ஓர் அறைக்குள் நுழைந்து சுற்றி அங்கேயே நின்றது. நீ பேனாக்கத்தியால் எதிர்ச்சுவரில் ஒரு துளை போட்டாய். புகை நீளமாக இழுபட்டு வெளியே போனது. "உள்ள வர்றதுக்கு மட்டும் வழி வெச்சா காத்து வராதுடா, போறதுக்கும் வழி வெக்கணும்" என்றாய். இருவரும் ஊதுபத்தி தீரும்வரை துளை போட்டுக்கொண்டே இருந்தோம். உன் அத்தா கீழே இருந்து, "யாருடா அது, கடைச் சரக்க மாடியில எரிக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

பிறகு எங்கள் அப்பா இறந்தார். கிழக்கு மேற்காக நீண்ட அந்த மனை இரண்டானது. தெருவைப் பார்த்த கிழக்குப் பாதி அண்ணனுக்கு. பின்னால் இருந்த மேற்குப் பாதி எனக்கு. அண்ணன் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார். வரைபடம் போட்டது நீ. எனக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு மாடி உயரத்துக்குச் சுவர் எழும்பியது. சாயங்காலம் வரும் காற்று முன்னால் நின்றுவிட்டது. மேற்கு வெயில் மட்டும் பின்பக்கச் சுவரில் ஏறி, ராத்திரி முழுக்க எங்கள் படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் சிநேகிதன் என் அண்ணனுக்காக என் காற்றைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டான் என்று நம்பினேன். அப்படி நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனவர்களையும், பாகம் பிரித்தபோது வாயைத் திறக்காத சொந்தக்காரர்களையும் மனதில் வரிசையாக உட்கார வைத்திருந்தேன். அந்த வரிசையில் உனக்கும் ஓர் இடம் கொடுத்தேன்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில், கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசையாக ஓட்டை வைத்த சிமெண்ட் ஜாலிக் கற்களை நீ பதித்திருந்தாய். அதன் வழியாக அண்ணன் வீட்டு மீன் வறுக்கும் வாசனை வந்தது. டிவி சத்தம் வந்தது. அண்ணன் தெருவில் யாரிடமோ, "என் தம்பி பிரெண்டு என் வூட்ல ஒரு ரூமையே தின்னுட்டான்யா. வாசல்லேந்து பின்சுவரு வரைக்கும் சும்மா ஒரு நடை வுட்டு வெச்சிருக்கான்" என்று புலம்புவதும் வந்தது. எனக்கு அந்தக் குரலே ஆகாது. அண்ணன் குடிவந்த வாரமே, வெயில் காலம் தொடங்குவதற்கு முன்பே, ஒரு கொத்தனாரை வரச் சொல்லி, என் பக்கத்திலிருந்து அத்தனை ஓட்டைகளையும் அடைத்துப் பூசிவிட்டேன்.

கேள்விப்பட்டு நீ வந்தாய். என் வாசலுக்கு வரும் சந்தில் நின்றபடியே, "டேய், அந்த ஜாலிய ஏன்டா அடைச்ச? மொதல்ல அதத் தெறந்து வுடுடா" என்றாய்.

"அண்ணன் வூட்டுக்கு வக்கீலா வந்தியா?"

"நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுடா."

"என் சுவத்துல நான் என்னா வேணா செய்வேன். நீ கெளம்பு."

அடுத்த முறை வந்தபோது நான் உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் மனைவிக்குப் பொய் வராது. கதவருகே போய், "வூட்ல இல்லன்னு சொல்லச் சொன்னாருங்கண்ணா" என்றாள். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. "சரிம்மா, இல்லன்னு நல்லாவே சொல்லிட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடு" என்றாய். அதுதான் நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு. அதன் பிறகு நீ வரவில்லை. நீயும் இன்னொரு முறை வந்து என் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். இதை இப்போதும் மனதில் வைத்திருக்கிறேன், பார். என் புத்தி அப்படி.

உன்னைப் பள்ளிவாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோது எதிரே டீக்கடைக்குள் நின்றிருந்தேன். டீயும் வாங்கினேன். குடிக்கிறவனைப் போல நின்றேன்.

இப்போது அரியாங்குப்பத்தில் மனை வாங்கியிருக்கிறேன். வெப்பம் தாங்காமல்தான். வரைபடம் போடும் பெண், என் மாணவர்களின் வயதுதான் இருக்கும், விவரமானவள். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படியும், கழிப்பறையும் மாடிப்படியும் சாமான் அறையும் மேற்கே வெயிலைத் தாங்கிக்கொள்ளும்படியும், படுக்கையறைகள் தென்கிழக்கில் கடல்காற்றை வாங்கும்படியும் போட்டாள். எல்லாம் நீ சொன்னதுதான். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். யாரிடம் கற்றேன் என்று சொல்லவில்லை. அவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் தயங்கினாள்.

"சார், நம்ம மனைக்கு மேற்கால ஒரு ஷீட் போட்ட வீடு இருக்கு. நாம இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டிட்டா அவங்களுக்குக் காத்தே போவாது."

"அது அவங்க பாடும்மா. எனக்கு யாரு பாத்தாங்க?"

அந்தப் பெண் பேச்சை மாற்றி, இப்போது இருக்கும் வீட்டில் என்ன குறை என்று கேட்டாள். உன் வேலையின் லட்சணத்தை அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. செத்துப்போன ஒருவன் மேல் குற்றத்தை நிரூபிக்க, நடுவயது வாத்தியாரான நான் உட்கார்ந்து அட்டை வெட்டினேன். அண்ணன் வீடு, நடை, நடுச்சுவர், என் அறை, எல்லாவற்றையும் அளவு மாறாமல் ஒட்டினேன். இன்று மத்தியானம் கிழக்கே ஃபேனை வைத்து, அண்ணன் வாசலில் ஊதுபத்தியைக் கொளுத்தினேன்.

புகை அந்த நடையில் நேராக ஓடி வந்து, நடுச்சுவரில் முட்டி, மேலே ஏறிப் போனது. என் அறைக்குள் ஓர் இழைகூட வரவில்லை. "பாத்தியா" என்று உன்னிடம் வாய்விட்டே சொன்னேன். அப்புறம், கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று, நீ ஜாலி வைத்திருந்த இடங்களில் காம்பஸ் முனையால் துளை போட்டேன்.

புகை வளைந்தது. கீழ் வரிசை வழியாக என் அறைக்குள் வந்து, கட்டில் இருக்கும் இடத்தின் மேல் படர்ந்து, மேற்கு ஜன்னல் வழியாக வெளியே போனது. கையை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டில் நீ தின்ற அந்த ஓர் அறையை எனக்குத்தான் கொடுத்திருந்தாய். அதைத்தான் சந்தில் நின்று சொல்ல வந்தாய்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ இத்தினி வருஷமா நான் இந்த ரூம்ல வெந்தது உங்க கோவத்துலயா?"

அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் அடுத்த வீட்டுக்குப் போய்வந்துவிட்டாள். "அக்காகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ஆளு வந்து ஒடைப்பாரு. நீங்க ஒண்ணும் பேச வேணாம், தூசி வரும், சட்டைய மட்டும் உள்ள எடுத்து வெச்சிடுங்க" என்றாள். என் அண்ணி அதற்கு மறுபேச்சு இல்லாமல் சரி என்றாளாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதோ என்னவோ.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு நடுவில், கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒரு திறந்த நடை வேண்டும், மேற்குச் சுவரில் கீழேயும் மேலேயும் ஜாலி வேண்டும், அந்த ஷீட் வீட்டின் ஜன்னலுக்கு நேராக இருக்க வேண்டும் என்றேன்.

"சார், ஒரு ரூம் போயிடுமே."

"போவட்டும்மா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் கோபத்தில் அவர் பக்கத்திலிருந்து அதை அடைத்துப் பூசலாம். அப்போது நான் உன்னை விட ஒரு முறை கூடுதலாகப் போய் அவர் கதவைத் தட்ட வேண்டும். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். உன் மனைவி பிரிப்பார். கீழே பெயர் போட்டால் இது மன்னிப்புக் கேட்பதாகிவிடும். பதில் சொல்லும் பாரம் அவர் மேல் விழும். கோழை என்பாய். அதுவும் உண்மைதான். ஊதுபத்தி வாசனை காகிதத்தில் ஏறியிருக்கிறது. உறையை ஒட்டிவிட்டேன். பெயர் எழுதவில்லை. காலையில், கொத்தனார் வருவதற்கு முன், தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.