குடும்பத்தார் நிரப்ப வேண்டிய பக்கம்

மார்ச் 3

இந்த நோட்டு உன் கையில் கிடைத்தால், நீ யாராக இருந்தாலும் சரி, உன் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டாதே. எங்கள் அம்மாவிடம் காட்டவே காட்டாதே.

அம்மா வாடிக்கையாளர் சேவை மையத்தில் டீம் லீடர். அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதை வாங்கிக்கொள்ளும் வேலை. இன்று ஒரு படிவம் கொண்டுவந்தாள். பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி செய்கிறாளாம், வேலையையும் வீட்டையும் ஊழியர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், எவ்வளவு தாங்குகிறார்கள் என்று. கடைசிப் பக்கம் வீட்டில் இருப்பவருக்கு. பெயர் போடாமல், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, உறையில் வைத்து ஒட்டித் தர வேண்டும்.

வீட்டில் இருப்பவர் என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடு கண்ணு. எல்லாரும் அதான் போடறாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் அஞ்சு போடவில்லை. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. கீழே நாலு கோடு விட்டிருந்தார்கள். அதிலும் எழுதி, ஒட்டிவிட்டேன்.

மார்ச் 4

உறையைக் கொண்டுபோய்விட்டாள்.

மார்ச் 17

நடந்துவிட்டது.

அறிக்கை தலைமை அலுவலகம் வரை போயிருக்கிறது. எல்லா வீட்டிலும் அஞ்சு, ஒரே ஒரு வீட்டில் மட்டும் இப்படி. உறைகளை டீம் டீமாகக் கட்டி வாங்கியிருந்ததால் அது அம்மாவின் டீம் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அழுத்தம் தாங்காத ஆள் இங்கே வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டாராம். எழுதியதை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"'அம்மா தட்டுல கை வெச்சபடியே தூங்கிடறாங்க. எழுப்பினா, சார், லைன்லயே இருங்கன்னு சொல்றாங்க'ன்னு எழுதியிருக்கு." கொஞ்சம் சிரித்தாள். "யார் பெத்த புள்ளையோ, பாவம். அப்படி என்ன பொழப்பு பொழைக்கறா அந்தப் பொம்பளை?"

அம்மா, அது நீதான். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவளுடைய சந்தேகம் டீமில் இருக்கும் சிரிப்பக்கா மேல். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அந்தப் பெயர். "ரொம்பச் சிரிக்கறவதான் உள்ளுக்குள்ள உடைஞ்சிருப்பா" என்றாள். சிரிப்பக்காவுக்கும் என் வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

மார்ச் 18

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாவின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தது சிரிப்பக்காதான். அவளுக்கு வேலை போனால்? உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் போகும். இரண்டில் எது? நான் என்ன, கடவுளா?

மார்ச் 19

சொல்லத்தான் போனேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் போன் வந்தது. மூன்று தடவை. மூன்றாவது தடவை போன் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சீ.

மார்ச் 20, வெள்ளி

அம்மா நாலு மணிக்கே வந்துவிட்டாள். வெயில் இருக்கும்போது அவளை இந்த வீட்டில் பார்த்து எத்தனை நாளாயிற்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

யார் பெயரைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"என் பேரைத்தான்."

"ஏம்மா?"

"யாராவது ஒருத்தி பேரைக் குடுக்கணும்ல."

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிப்பக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா? இல்லை, தெரிந்துவிட்டதா? சுற்றி வளைத்துக் கேட்டேன், டைப் அடித்ததைத்தான் காட்டினார்களா என்று.

"இன்னிக்கி அந்தக் காகிதத்தையே காட்டினாங்க" என்றாள். அதில் இருப்பது என் கையெழுத்து. போனை அணைத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

ஐந்து மணியிலிருந்து தூங்குகிறாள். இப்போது பத்தரை. நடுவில் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். தூக்கத்தில் யாரையும் சார் என்று கூப்பிடவில்லை. விடிந்ததும் நானே சொல்லிவிடுவேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான்

கதவைத் தட்டுகிறாள். அம்மாதான். என்னைக் கூப்பிடுகிறாள். கோபமான குரல் இல்லை, ஆனால்