நாலு எண்ணிக்கை இடம்

நாள் 1, 10:20
நிலையம் ஏழு. காற்று சரி. நீர் சரி. மின்சாரம் சரி. துளைப்பு பதினான்கு மீட்டர்.

எழுதுவது வகுளவல்லி, கனிம ஆய்வாளர், வயது ஐம்பத்தொன்று. இந்தச் சிறுகோளில் நான் ஒருத்திதான். பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சிறுகோள். அங்கே நிலையம் ஒன்பதில் இஞ்ஞாசி ஒருத்தன். ஒருவர் குரல் மற்றவரை எட்ட நான்கு நொடி ஆகும்.

விதி: என் காற்றுக் கருவிகளுக்கு அவன் காவல், அவனுடையவற்றுக்கு நான் காவல். எதை மாற்றினாலும் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் "சரி" என்ற பிறகே கை வைக்க வேண்டும். இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாள் 3, 16:05
துளைப்பு பத்தொன்பது மீட்டர். அதன் பிறகு கச்சேரி.

இஞ்ஞாசி காரைக்கால்காரன். தேர்பவனி பேண்டு செட்டில் டிரம்பெட் ஊத ஆரம்பித்து ஜாஸில் போய் விழுந்தவன். நான் கஞ்சிரா. நான்கு நொடி தாமதத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான்கு நொடியில் அடைத்தோம். போன சுற்றில் அவன் ஊதியது இந்தச் சுற்றில் என் காதில் விழும். அதற்கு நான் பதில் வாசிப்பேன்.

அவனுடைய ப்ளூஸும் என் சுத்த தன்யாசியும் பங்காளிகள் போல ஒட்டிக்கொண்டன. மாலி நாட்டுப் பன்னிரண்டு தட்டை அவன் கொண்டுவந்தான். கியூபாவின் குச்சித் தட்டை நான் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் மடக்கினேன். தலைமை நிலையம் கேட்டுவிட்டு, நிறுவன நாளன்று பூமிக்கே ஒலிபரப்பப் போகிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவனுக்கு என்மேல் ஒரே குறை. "வகுளாக்கா, கொஞ்சம் எடம் விடுங்க. சும்மா இருக்கறதும் வாசிப்புதான். நீங்க தண்ணி லாரி மாதிரி வழிநெடுக ஊத்திக்கிட்டே போறீங்க."

போடா. காலி இடத்தைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது.

நாள் 4, 11:40
ஒன்பதின் காற்றுப் பம்ப் ஓயாமல் முனகுகிறது. பதிவு முழுக்க அந்த முனகல்தான் கீழே தம்பூரா மாதிரி ஓடுகிறது. நல்லதுதான், ஆனால் நாங்கள் வாசிக்கும் இரண்டு கட்டைச் சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. டிரம்பெட்டோடு உரசுகிறது.

சொன்னேன். "கெடக்கட்டும்க்கா. அந்த ஒரசல்தான் ப்ளூஸு" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. சுருதிப் பெட்டி அணையாத வீட்டில் வளர்ந்தவள் நான். சுருதி சேராத இடத்தில் எனக்குச் சோறு இறங்காது. பூமி முழுக்கக் கேட்கப் போகிற பதிவு வேறு.

இங்கிருந்தே பம்ப்பின் வேகத்தை மூன்று சதவீதம் ஏற்றினேன். முனகல் வந்து இரண்டு கட்டையில் பசை போட்டாற்போல் உட்கார்ந்தது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான்.

நாள் 5, 16:30
இதுவரை வாசித்ததிலேயே இன்றுதான் சிறப்பு. "என்னக்கா, இன்னைக்கு எல்லாம் தானா வந்து ஒக்காருது!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். துளைப்பு இருபத்தாறு மீட்டர்.

நாள் 9, 09:15
இஞ்ஞாசியிடமிருந்து: "பம்ப்பு பக்கம் சுவர் லேசா அதிருதுக்கா. உங்க பக்கம் ஏதாச்சும் காட்டுதா?"

காட்டியது. திரையில் மூன்று சதவீதம் என்ற எண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் விதியை மீறினேன் என்று ஆகும். ஒலிபரப்பு போகும். வேலையும் போகும்.

"வடிகட்டி அடைச்சிருக்கும். பிரிச்சுத் துடைச்சுப் பாரு" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு சத்தமில்லாமல் வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன். அதிர்வு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நாள் 11, 14:00
நிற்கவில்லை. இரண்டு நாளாக அவன் வடிகட்டியைக் கழற்றுகிறான், துடைக்கிறான், மாட்டுகிறான். நான் சொன்னதால். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கஞ்சிராத் தோலுக்குத் தேவைக்கு மேலேயே தண்ணீர் தெளித்துவிட்டேன்.

நாள் 12, 10:50
ஒன்பதின் பம்ப் நின்றுவிட்டது.

நாள் 12, 13:30
இஞ்ஞாசியிடமிருந்து: "பம்ப்ப முழுசாப் பிரிச்சிட்டேன். வடிகட்டி இல்லக்கா. பம்ப்பு ஒக்காருற தாங்கி அதிர்ந்து அதிர்ந்து ரெண்டாப் பொளந்து கெடக்கு. போன வாரமே பார்த்திருந்தா ரெண்டு போல்ட்டுல முடிஞ்சிருக்கும். இப்ப மாத்துத் தாங்கி இல்ல."

கையிருப்புக் காற்று ஒன்பது நாளுக்கு. மீட்புக் கப்பல் வர இருபத்தாறு நாள். என்னிடம் கப்பல் கிடையாது. மூன்று முறை கணக்குப் போட்டேன். கணக்கு மாறவில்லை.

தலைமையிலிருந்து: "காரணம் என்ன?" நான் அனுப்பியது: "ஆய்வில் உள்ளது." திருடனைத் தேள் கொட்டினாற்போல் இருக்கிறேன். கத்தவும் முடியவில்லை.

நாள் 13, 16:00
அவனேதான் கேட்டான்: "வாசிப்போமாக்கா?"

ஊதினால் காற்று செலவாகும் என்றேன். "அரை மணிநேரம் ஊதினா என்ன, அரை மணி முன்னால போவேன். சும்மா ஒக்காந்தா பயமா இருக்கு" என்றான்.

பம்ப் இல்லாததால் கீழே முனகல் இல்லை. புதிதாக ஒன்று செய்தான். ஒவ்வொரு சுற்றிலும் நாலு எண்ணிக்கை ஊதுகிறான், நாலு எண்ணிக்கை விடுகிறான். மூச்சு வாங்குகிறதோ என்று பயந்தேன். அவன் களைப்பு பதிவில் தெரியக்கூடாது என்று விட்ட இடத்தையெல்லாம் நான் நிரப்பினேன்.

நாள் 16, 16:10
இன்றும் அதேதான். நாலு ஊதல், நாலு இடம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவன் ஆரம்பித்தான், என் விரல் ஓடியது. வாசித்துக்கொண்டிருக்கும்வரை பேச வேண்டியதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு விரல்தான் குறுகுறுத்தது.

நாள் 19, 16:00
நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

நாள் 20, 16:40
சொல்லவில்லை. அவன் ஊதல் மெலிந்துவிட்டது. இடம் மட்டும் அதே நாலு எண்ணிக்கை, பிசகவில்லை.

நாள் 21, 12:22
இஞ்ஞாசியிடமிருந்து. அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா. பம்ப்பப் பிரிச்ச அன்னைக்கே அதோட பதிவ எடுத்துப் பார்த்துட்டேன். நாலாம் நாள், பதினொண்ணு நாப்பது, மூணு சதவீதம், உங்க நிலைய எண்ணு. ஒன்பதாம் நாள் எறக்கினதும் இருக்கு. எதுக்குன்னும் புரிஞ்சுபோச்சு, அன்னைக்கு சுருதி அவ்வளவு சுத்தமா இருந்துச்சே. நானாக் கேட்டா நீங்க சாக்குச் சொல்வீங்க. அதான் கேக்கல. ஒவ்வொரு சுத்துலயும் நாலு எண்ணிக்கை எடம் விட்டேன். நாந்தான்டான்னு சொல்ல அது போதும். நீங்க வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க. நல்லாத்தான் வாசிச்சீங்க. தல சுத்துதுக்கா. வைக்கிறேன்."

நாள் 21, 12:23
அனுப்பியது: "நான்தான் இஞ்ஞாசி. நான்தான்டா. சுருதிக்காகப் பண்ணினேன். வடிகட்டின்னு பொய் சொன்னேன். என்னைத் திட்டு."

போக நான்கு நொடி, வர நான்கு நொடி.

நாள் 21, 12:24
பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன்.

நாள் 21, 18:00
நூற்றுப் பதினாறு முறை அனுப்பியாகிவிட்டது.

நாள் 22, 08:30
தலைமைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அது சேருவதற்குள் அவர்களுடைய செய்தி வந்துவிட்டது: "ஐந்தாம் நாள் பதிவைத் தேர்வு செய்துள்ளோம். அந்தச் சுருதியை எப்படிச் சேர்த்தீர்கள்? அபாரம்."

பாவி நான்.

நாள் 23, 09:30
பதிவுகளில் இரண்டு தடம் உண்டு, அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று. என் தடத்தை அணைத்துவிட்டு அவனுடையதை மட்டும் ஓடவிட்டேன். அந்த இடங்களில் என்ன இருக்கிறதென்று ஒருமுறையாவது கேட்க வேண்டும் அல்லவா.

பதின்மூன்றாம் நாள்: இடத்தில் அவன் மூச்சு மட்டும்.

பதினான்காம் நாளும் மூச்சு. கால் தாளம் போடும் சத்தம்.

பதினாறாம் நாள், ஏழாவது சுற்று. டிரம்பெட் நிற்கிறது. மூச்சு. பிறகு மிக மெதுவாக, "சொல்லுங்கக்கா."

எட்டாவது சுற்றிலும் உண்டு. ஒன்பதாவதிலும். அன்று மட்டும் பதினோரு இடத்தில் கேட்டிருக்கிறான்.

நாள் 23, 09:50
அதே இடங்களில் என் தடத்தில் என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்டேன்.

முடிவுத் தட்டான தீர்மானம் வாசித்திருக்கிறேன். பதினோரு முறையும். ஓர் அடிகூடப் பிசகாமல் சமத்தில், தாளத்தின் முதல் தட்டில் வந்து... இந்த வரியை மட்டும் நிரப்பாமல் விடுகிறேன்.