ரிசர்வ்டு டைப் மாப்பிள்ளை

14 ஜூன் 1995, புதன்

வெயில் ஜாஸ்தி. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் போய்விட்டது, குப்பை போகவில்லை. இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்குப் பாதகமானதையும்கூட.

கீழ்பென்னாத்தூர் அத்தை அக்காவுக்கு வரன் கொண்டுவந்தார். வேங்கிக்காலில் கிளார்க். "பையன் ரிசர்வ்டு டைப்பு அண்ணி. அதிர்ந்து பேச மாட்டான்." அம்மாவுக்குத் திருப்தி. இந்த வீட்டில் அப்பா பேசுவதே போதுமாம்.

அகராதியில் 'ரிசர்வ்டு': மனதில் உள்ளதை வெளிக்காட்டாமல் அடக்கிவைக்கிற. சரி. ஆனால் அக்கா பேசாவிட்டால் 'அடக்கம்', நான் பேசாவிட்டால் 'திமிர்'. மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் இங்கிலீஷ்?

15, வியாழன்

கணக்கு டெஸ்டில் 71. மாப்பிள்ளைமேல் என் சந்தேகங்கள்: குடி. திக்குவாய். வேறு பெண். அத்தையிடமே கேட்டேன். போய்ப் படி என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

16, வெள்ளி

கோயிலில் பெண் பார்த்தார்கள். கிளி கோபுரத்தருகே, தற்செயலாகச் சந்தித்ததுபோல. பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை. மாப்பிள்ளை ஒல்லி, சுத்தமான நகம். அவர் அம்மா அவருடைய இடப்பக்கத்தை விட்டு நகரவேயில்லை. எது கேட்டாலும் அந்த அம்மாதான் பதில்.

பிறகு இருவரையும் பிரகாரத்தில் நடக்கவிட்டார்கள். நான் துணை, பத்தடி பின்னால். அக்காவை வலப்பக்கம் வரச் சொல்லி நிறையப் பேசினார். இவரா ரிசர்வ்டு?

திரும்பும்போது இடப்பக்கம் போய் மணி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. வலப்பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அஞ்சேமுக்கால்மா."

இடது காது கேட்காது! அம்மாவுக்குத் தெரிந்தால் இந்த வரன் அவ்வளவுதான். நாளை சொல்லிவிட வேண்டும்.

17, சனி

முதலில் அக்காவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை அவள் கீழே வைக்கவில்லை.

"தெரியும்டி. முதல் வார்த்தையே அதான் சொன்னாரு. சொல்லக் கூடாதுன்னு அவங்கம்மா சத்தியம் வாங்கினாங்களாம். உங்ககிட்ட மறைக்க முடியலைன்னாரு."

இதற்குமுன் பார்த்துவிட்டுப் போன நாலு பேரில் ஒருவர்கூட அவளிடம் நேராகப் பேசியதில்லை.

"எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

எப்போது சொல்வாள்? பூ வைப்பதற்கு முன்பா, பின்பா? கேட்டால் முறைக்கிறாள்.

18, ஞாயிறு

தூறல். இட்லிக்கு அரைத்தோம். மாவு வழிக்கும்போது அம்மா திடீரென்று, "நீ கூடவே நடந்தியே. பையன்கிட்ட ஏதாச்சும் கொற தெரிஞ்சுதா?"

அக்கா கை அப்படியே நின்றது.

"இல்லம்மா. ரிசர்வ்டு டைப்பு, அவ்ளோதான்."

அம்மா நம்பினாளா தெரியவில்லை. நான் தினமும் எழுதுவது அவளுக்குத் தெரியும். இப்போது அடுத்த அறையில் அம்மா என் புத்தகப் பை ஜிப்பைத் திறக்கும் சத்தம். இந்த நோட்டு என் மடியில்தான் இருக்கிறது. அக்கா எழுந்து லைட்டை அணைத்துவிட்டாள்.