கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்

தென் இல்லினாய்
அக்டோபர் 17, 2019

அன்புள்ள ராய்ஸ் அண்ணாவுக்கு,

லியான் எழுதுவது. அலாஸ்காவில் இந்நேரம் பனி தொடங்கியிருக்கும். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே உன் மாப்பிள்ளை கிளென் நலம். இதைத் தொலைபேசியில் சொன்னால் அவர் காதில் விழும், சிறை வேலையே வேண்டாம் என்பார். அதனால்தான் கடிதம்.

நான் சிறைக் காவலர் சங்கத்தை விட்டது உண்மைதான். அம்மா இருந்த அரசு இல்லத்தை மூடச் சட்டசபையில் வாக்களித்தானே, அவனுக்கு ஓட்டுக் கேட்டு ஒரு துண்டறிக்கை வந்தது. பின்பக்கம் எங்கள் சங்கத்தின் பெயர். என் சந்தாவும் அதில் இருக்கிறது. சங்கப் பிரதிநிதி வெண்டலிடம் கேட்டேன். "அவன் ஜெயிச்சாதாம்மா நம்ம பென்ஷன் தப்பிக்கும்" என்றார். பொய்யில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சேர்வதும் விலகுவதும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு அவரவர் விருப்பம்தானே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் முதல் சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என் அலமாரியில் 'ஓசி' என்று எழுதி ஒட்டினார்கள். சங்கம் வாங்கித் தரும் சம்பள உயர்வை நான் ஓசியில் அனுபவிக்கிறேனாம். கூட வேலை பார்க்கும் கிர்பி, "ஆபத்துன்னா ரேடியோவுல சுப்ரீம் கோர்ட்டைக் கூப்பிட்டுக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போன வாரம் செவ்வாய் மதியம், கைதிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவன் கையில் தீட்டிய தகரம். ரேடியோவில் கத்தினேன். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிர்பியும் ஓடம் என்ற இன்னொரு காவலரும் நிற்பது தெரிந்தது. கதவு திறக்கவில்லை. தகரம் என் பக்கம் திரும்பியது. அப்போது சமையலறை வழியாக ஓடிவந்து குறுக்கே விழுந்தவர் வெண்டல். அவர் முன்கையில் பதினோரு தையல். ஏன் வந்தீர்கள் என்று உளறினேன். "சங்கக் கார்டு இருக்கான்னு பாத்துட்டா ஓடி வருவாங்க? லூசு" என்றார்.

கதவு ஏன் திறக்கவில்லை என்று நேற்று விசாரணை. கிர்பி, ஓடம் இருவரின் பக்கத்தில் வெண்டல் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். சங்க உறுப்பினர்களுக்குத் துணை நிற்பது அவர் கடமை. என் பக்கத்து நாற்காலி காலி. பூட்டு சிக்கிக்கொண்டது என்றார்கள் இருவரும். அவர்கள் நின்றதைப் பார்த்தேன், பூட்டைப் பார்க்கவில்லை என்றேன். அதுதான் உண்மை. இருவரையும் மீண்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வெண்டல், "திரும்பிச் சேந்துடும்மா. நான் எப்பவும் பக்கத்துல இருக்க முடியாது" என்றார். என் பணம் அந்த ஆளுக்குப் போகாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் சேரவில்லை.

வெண்டல் மருத்துவ விடுப்பில் போகிறார். அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் எனக்குப் பணி. கதவுப் பக்கம் கிர்பியும் ஓடமும். பூட்டுதான் சிக்கியதா அண்ணா? ஒன்பது நாளாக அந்தக் கண்ணாடியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளெனிடம் எதுவும் சொல்லாதே. அன்று இங்கத்திய நேரம் மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பணி முடியும். ஐந்தரைக்குக் கூப்பிடு. நான் எடுக்கும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இரு.

உன் தங்கை,
லியான்